பட்டை ரம்பத்தில் பலகையைப் பிளக்கும் முறை

தறிக்கும் தோட்டத்துக்கும் மெல்லிய பலகை இல்லாமல் காரியம் நடப்பதில்லை. தார்ப் பெட்டி, நூல் அடுக்கும் தட்டு, ஜக்கார்டுப் பெட்டியின் பக்கப் பலகை ஆகியவை நெசவாளருக்கு வேண்டியிருக்கின்றன. மாம்பழமும் தக்காளியும் அனுப்பும் மரப்பெட்டி, தேனீப் பெட்டி, வற்றல் உலர்த்தும் தட்டு, நாற்றுத் தட்டு முதலியவை பயிரிடுவோருக்கு வேண்டியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கால் அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை கனமிருந்தால் போதும். ஆனால் மரக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை ஓர் அங்குலமும் ஒன்றரை அங்குலமும் இரண்டு அங்குலமும் கனமுள்ள பலகைகளே. மெல்லிய பலகை கேட்டால் கடைக்காரர் ஒட்டுப் பலகையைக் காட்டுவார். அல்லது கனத்த பலகையை யந்திரத்தில் இழைத்து மெலிதாக்கித் தருவார். ஓர் அங்குலப் பலகையை அரை அங்குலத்துக்கு இழைத்தால், விலை கொடுத்து வாங்கிய மரத்தில் சரிபாதி சீவலாகப் போய்விடுகிறது. கூலியும் வேறு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி, பலகையை அதன் விளிம்பின்மேல் நிமிர்த்தி நிறுத்தி, கனத்தின் நடுவே வாளை ஓட்டி, ஒன்றை இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்துகொள்வதே. முற்காலத்தில் ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நீண்ட வாளால் இழுத்து அறுத்த வேலைதான் இது. இன்று பட்டை ரம்பம் அதைச் செய்கிறது. பட்டறைகளில் இதற்குப் ‘பேண்ட்சா’ என்று பெயர். சில அங்கத்தினர்கள் சேர்ந்து சிறிய யந்திரம் ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால் பெட்டிச் செலவு குறையும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பொதுவில் வைத்த யந்திரத்துக்கு ஒரு குறை உண்டு. அதில் கை வைக்கும் பலரும் தச்சர்களாக இருக்க மாட்டார்கள். அறுந்த இழையைப் பிணைக்கும் விரலும், ஒட்டுக் கட்டும் விரலும், ரம்பத்தின் முன்னால் மரத்தோடு மரமாகத்தான் இருக்கின்றன. ஆகவே யந்திரம் வாங்குமுன்பே அதன் போக்கை அறிந்துகொள்வது அவசியம்.

பட்டை ரம்பம் என்பது மேலும் கீழுமாக அமைந்த இரண்டு சக்கரங்களின்மேல் சுற்றி ஓடும், முனையற்ற ஓர் எஃகு நாடா. அதன் ஓர் ஓரத்தில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். சக்கரங்களின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். நடுவே ஒரு மேசை உண்டு. அதிலுள்ள துளை வழியாக நாடா எப்போதும் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருக்கும். இந்த யோசனைக்கு 1808-ஆம் ஆண்டிலேயே லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி என்பவர் காப்புரிமை பெற்றார். ஆயினும் நாடாவின் இரு நுனிகளையும் இணைக்கும் பற்றவைப்பு வளைந்து வளைந்து ஓடும்போது தாங்காமல் அறுந்துவிட்டதால், யந்திரம் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. 1846-இல் ஆன் போலின் கிரெபின் என்ற பிரெஞ்சு மாது அந்த இணைப்பை உறுதியாகச் செய்யும் முறையைக் கண்ட பின்னரே இது பட்டறைகளுக்கு வந்தது. இன்றும் நாடா அறுந்தால் பெரும்பாலும் அந்த இணைப்பிலோ அதன் அருகிலோதான் அறுகிறது. எனவே நாடாவைப் பூட்டும்போது முதலில் இணைப்பைத் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வட்ட ரம்பம் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். கணக்கே விடை சொல்லும். வட்ட ரம்பத்தின் அறுப்பு வாய் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம். அந்த அளவு மரம் ஒவ்வொரு அறுப்பிலும் தூளாகிறது. சிறிய பட்டை ரம்பத்தில் அது சுமார் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். 50 மில்லிமீட்டர் கனமுள்ள மாம்பலகை ஒன்றிலிருந்து, இழைக்காத பெட்டிப் பட்டைகளாக 6 மில்லிமீட்டர்த் தகடுகள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வட்ட ரம்பத்தில் ஒவ்வொரு தகடும் அறுப்போடு சேர்த்து 9 மில்லிமீட்டரை விழுங்கும். ஐந்து தகடுகள் கிடைக்கும். பட்டை ரம்பத்தில் ஏழரை மில்லிமீட்டர்தான் விழுங்கும். ஆறு தகடுகள் கிடைக்கும். இருமுறையிலும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்த் துண்டு மிஞ்சும். ஆக, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தகடு லாபம். ஆழத்திலும் வேற்றுமை உண்டு. 10 அங்குல வட்ட ரம்பம் மேசைக்கு மேல் மூன்றங்குலத்துக்குச் சற்று அதிகமாகவே எழும்பும். பட்டை ரம்பமோ, 14 அங்குலச் சக்கரமுள்ள சாதாரண யந்திரத்திலும் ஆறங்குல உயரத்தை ஒரே வாயில் அறுத்துவிடும்.

பாதுகாப்பிலும் பட்டை ரம்பத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. வட்ட ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுவதால், மரம் சிக்கினால் அதைத் தூக்கி ஆளின்மேல் எறியும். பட்டை ரம்பத்தின் பற்கள் மரத்தை மேசையின்மேல் அழுத்திக்கொண்டே இறங்குவதால் அவ்விதம் எறிவதில்லை. ஆனால் இந்தச் சாதுவான குணமே ஆளை ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். சத்தம் குறைவு, மரம் துள்ளுவதில்லை, நாடாவும் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் பல பட்டறை யந்திரங்களில் நாடா நிமிஷத்துக்குச் சுமார் 3000 அடி, அதாவது வினாடிக்கு 50 அடி வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் சக்கரங்கள் தம் கனத்தால் சிறிது நேரம் சுழன்றுகொண்டுதான் இருக்கும். சத்தம் அடங்கிவிட்டது என்று துண்டை எடுக்கக் கை நீட்டுகிறவர் இந்த விஷயத்தை மறந்துவிடுகிறார்.

இனி நாடாவைப் பற்றிச் சொல்வோம். பலகை பிளப்பதற்கு நாடா அகலமாக இருக்கவேண்டும். அகலமான நாடா வளையாமல் நேராகப் போகும். ஆயினும் யந்திரம் இழுத்து விறைப்பாக்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட அகலம் பயனற்றது. 14 அங்குல யந்திரத்துக்கு அரை அங்குல நாடாவே நன்கு பொருந்தும். முக்கால் அங்குல நாடாவை அதில் மாட்டலாம். ஆனால் போதிய விறைப்பு ஏறுவதில்லை. பற்கள் நெருக்கமாக இருந்தால் அறுப்பு வழவழப்பாக இருக்கும் என்று எண்ணி நுண்ணிய பல் நாடாவை வாங்குவோர் உண்டு. இந்த வேலைக்கு அது முற்றிலும் தவறு. ஆறங்குல மரத்துக்குள் ஒரு பல் நுழைந்து வெளிவரும் வரையில் அது சீவிய தூள் முழுவதும் பல்லுக்கு முன்னுள்ள பள்ளத்தில் தங்கியாக வேண்டும். பள்ளம் சிறிதாயின் பாதி வழியிலேயே நிறைந்துவிடும். பிறகு பல் அறுக்காது, உரசும். நாடா சூடேறி மரத்துக்குள் பக்கவாட்டில் ஒதுங்கும். ஆகையால் அங்குலத்துக்கு மூன்று அல்லது நான்கு பற்கள் உள்ள நாடாவே ஏற்றது. மழுங்கிய நாடாவை வைத்துச் சிக்கனம் செய்வது வீண். மழுங்கிய நாடா தானாக மரத்துக்குள் போகாது. ஆள் அதிக பலத்துடன் தள்ளுவார். அந்தப் பலம் மரம் முடியும் கணத்தில் அவரையே ரம்பத்தை நோக்கி இழுத்துச் செல்லும். விபத்துகள் பல இப்படித்தான் நேருகின்றன.

நாடா மாற்றும்போது மின்சாரச் செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது. சுருட்டிய நாடாவின் கட்டை அவிழ்க்கும்போது அது வில்லைப்போல் விரிந்து முகத்தில் அடிக்கும். ஆதலால் தோல் கையுறை அணிந்து, கையை நன்றாக நீட்டிப் பிடித்து, அருகில் யாரும் நில்லாதபடி அவிழ்க்க வேண்டும். வேலை தொடங்கும்போதோ அந்தக் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். ஓடும் நாடாவில் கையுறையின் நூல் சிக்கினால் விரலையும் உடன் இழுத்துக்கொள்ளும். மேசையருகில் பற்களின் முனை கீழ்நோக்கி இருக்கிறதா என்று பார்க்கவும். தலைகீழாக மாட்டிவிட்டு மரம் அறுபடவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. பிறகு மேல் சக்கரத்தைக் கையால் பல சுற்றுகள் சுற்றி, நாடா சக்கரத்தின் நடுவில் நின்று ஓடுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். விறைப்பை அறிய, மேல் வழிகாட்டியை ஆறங்குலம் உயர்த்தி, நாடாவின் பக்கத்தை ஒரு விரலால் மிதமாக அழுத்திப் பார்க்கலாம். கால் அங்குலத்துக்குமேல் வளைந்தால் விறைப்புப் போதாது.

நாடாவின் இருபுறமும் உள்ள வழிகாட்டிக் கட்டைகள் அதைத் தொட்டும் தொடாமலும், ஒரு காகிதம் நுழையும் இடைவெளியில் இருக்கவேண்டும். அவை பற்பள்ளங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னே தள்ளி வைத்தால் பற்கள் அவற்றில் உரசி மழுங்கும். நாடாவின் முதுகுப்புறத்தில் உள்ள சிறு உருளை, மரம் அறுபடும்போது மட்டுமே நாடாவைத் தாங்க வேண்டும். சும்மா ஓடும்போது சுழலக்கூடாது. மூலைமட்டத்தை மேசையில் நிறுத்தி நாடாவோடு ஒட்டிப் பார்த்தால் மேசை செங்கோணமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆறங்குல உயரத்தில் சிறு சாய்வு இருந்தாலும், பிளந்த தகடு ஒரு விளிம்பில் கனமாகவும் மறு விளிம்பில் மெலிதாகவும் வரும்.

மரத்தைத் தயார் செய்யாமல் ரம்பத்தருகில் கொண்டுபோவதில் பொருளில்லை. ஒரு முகம் சமமாக இழைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த முகத்துக்குச் செங்கோணமாக ஒரு விளிம்பும் இழைக்கப்பட்டிருக்க வேண்டும். சமமான முகம் தடுப்புச் சட்டத்தில் சாயும். சமமான விளிம்பு மேசையில் அமரும். முறுக்கோ குழிவோ உள்ள பலகையை அப்படியே நிறுத்தினால் அது பாதி அறுப்பில் ஆட்டம் கொடுத்து நாடாவைக் கவ்வும். பழைய வீட்டு உத்தரங்களையும் கதவுப் பலகைகளையும் அறுக்குமுன் ஆணி இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தேடவேண்டும். தலை உடைந்து உள்ளே நிற்கும் ஆணியைக் கண்ணால் மட்டும் காண முடியாது. வலுவான காந்தம் ஒன்றைத் தடவிப் பார்ப்பது உதவும். உருண்டையான கிளைகளையும் சிறு கட்டைகளையும் கையால் பிடித்து அறுக்க முயல்வது பெரிய அபாயம். பல் பட்டதும் கட்டை உருளும். பிடித்த கையையும் உள்ளே இழுக்கும். அவற்றை ஒரு பலகையோடு ஆணியோ திருகோ வைத்து அசையாமல் பொருத்திய பிறகே அறுக்கலாம். அந்த ஆணிகளும் அறுப்பு வழியில் வரக்கூடாது.

தடுப்புச் சட்டம் பலகையின் உயரத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும். யந்திரத்தோடு வரும் சட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குலமே உயர்ந்திருக்கும். ஆறங்குலப் பலகை அதன்மேல் சாய்ந்து கவிழப் பார்க்கும். நேரான உயர்ந்த பலகை ஒன்றை அதனுடன் திருகி இணைத்துக்கொண்டால் குறை தீரும்.

இந்த இடத்தில் புதியவர்கள் பலரும் சோர்வடையும் ஒரு சங்கதியைச் சொல்லவேண்டும். சட்டத்தை மேசைக்கு நேராக வைத்துத்தான் தள்ளுகிறோம். ஆனாலும் அறுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகிறது. யந்திரம் கெட்டுவிட்டதென்று எண்ணுகிறோம். நாடாவின் பற்கள் இடமும் வலமுமாகச் சாய்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கப் பற்கள் சிறிதளவு கூர்மை மிகுந்திருந்தாலும், நாடா சக்கரத்தின்மேல் சற்று ஒதுங்கி ஓடினாலும், அது தனக்கென்று ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திசையை முன்கூட்டியே அறிந்துகொள்ள எளிய வழி உண்டு. நேரான விளிம்புடைய கழிவுப் பலகை ஒன்றில் அந்த விளிம்புக்கு இணையாக ஒரு கோடு கிழிக்கவும். சட்டத்தை அகற்றிவிட்டு, பலகையை மேசையில் படுக்கவைத்து, கோட்டின்மேலேயே நாடா போகும்படி கையால் திருப்பித் திருப்பி ஓர் அடி தூரம் அறுக்கவும். கோட்டை விடாமல் அறுக்கும்போது பலகை எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதுவே நாடாவின் திசை. பலகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு யந்திரத்தை அணைத்து, நாடா நின்றபின் பலகையின் விளிம்பையொட்டி மேசையில் பென்சிலால் கோடிடவும். தடுப்புச் சட்டத்தை அந்தக் கோட்டுக்கு இணையாகப் பொருத்திவிட்டால் அறுப்பு ஒதுங்காது. நாடா மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

சட்டத்துக்கும் பல் முனைக்கும் உள்ள தூரமே தகட்டின் கனம். இழைக்க வேண்டிய தகடானால் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரை மில்லிமீட்டரோ கூட்டி வைக்கவும். ஒரு தகடு எடுத்த பிறகு மூலப் பலகையின் அறுத்த முகத்தை மீண்டும் ஒருமுறை இழைத்துச் சமமாக்கி, அதையே சட்டத்தில் சாய்த்து அடுத்த தகட்டை எடுத்தால் எல்லாம் ஒரே கனமாக வரும். பழப்பெட்டிப் பட்டைகளுக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. தேனீப் பெட்டிக்கு வேண்டும். அங்கே சட்டங்களுக்கு இடையில் விடும் இடம் சில மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் தேனீக்கள் மெழுகாலும் பிசினாலும் அடைத்துவிடும்.

மேல் வழிகாட்டியை மரத்துக்கு மேல் கால் அங்குலம் மட்டும் இடைவெளி விட்டு இறக்கி வைக்க வேண்டும். இதனால் நாடாவும் உறுதியாக நிற்கும். விரல் படக்கூடிய திறந்த பற்களும் குறையும். ஆறங்குலப் பலகையை அறுத்த பின் மூன்றங்குலப் பலகைக்கு மாறும்போது வழிகாட்டியை இறக்காமல் விடுவது பொதுப் பட்டறைகளில் அடிக்கடி காணும் அசட்டை. மீதி மூன்றங்குல நாடா வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்.

பலகை சட்டத்தை விட்டு விலகாமலிருக்கச் சீப்புப் பலகை மிக உதவி. ஒரு பலகையின் நுனியைச் சாய்வாக வெட்டி, அதில் சீப்பின் பற்களைப்போல் நெருக்கமாகப் பல வாய்களை அறுத்துவிட்டால், அந்தப் பற்கள் வளைந்து மரத்தை அழுத்திக்கொண்டே முன்னே போகவிடும், பின்னே வரவிடா. இதை மேசையோடு இறுக்கும்போது நாடாவுக்கு முன்புறம், அதாவது ஆள் நிற்கும் பக்கமாகவே வைக்கவேண்டும். நாடாவைக் கடந்து வைத்தால் அறுத்த வாயை அது நெருக்கி நாடாவைக் கவ்வச் செய்யும்.

இனிக் கைகளைப் பற்றி. இந்த வேலையின் அபாயம் முழுவதும் கடைசி ஒரு சாண் நீளத்தில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. பலகையின் முதல் பகுதி அறுபடும்போது கைகள் தூரத்தில் இருக்கின்றன, கவனமும் அதிகமாயிருக்கிறது. பலகை முடியும் தறுவாயில் ஆள் அதன் பின்முனையின் நடுவில் கட்டைவிரலை வைத்துத் தள்ளுகிறார். மரத்தைத் தள்ள அதுவே இயல்பான இடம். ஆனால் பலகையைக் கனத்தின் நடுவே பிளக்கும்போது நாடா வெளியே வரும் இடமும் அதுவேதான்! அதுவரை மரத்துக்குள் மறைந்திருந்த பற்கள் திடீரென்று விரலுக்கு நேராகத் தலைகாட்டுகின்றன. தடுத்துக்கொண்டிருந்த மரமும் அந்தக் கணத்தில் இல்லாமற் போவதால், தள்ளிய பலத்தோடு கை முன்னே பாய்கிறது.

ஆகையால் பின்முனை மேசையின் விளிம்புக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டுத் தள்ளுகட்டையைக் கையில் எடுக்கவேண்டும். பிடி வைத்த கனமான மரக்கட்டை ஒன்றே தள்ளுகட்டை. நாடா அதன் முகத்தில் சிறிது அறுத்துக்கொண்டு போனாலும் பாதகமில்லை; வெட்டுப்பட்டது மரந்தானே! அதை யந்திரத்தின் பக்கத்திலேயே, எட்டும் இடத்தில் தொங்கவிட வேண்டும். தேடவேண்டிய இடத்தில் இருந்தால் அதை யாரும் உபயோகிப்பதில்லை. மற்றொரு முறையும் உண்டு. நீளமான பலகையாயின் முக்கால் பங்கு அறுத்த பின் ஆள் நிதானமாக மறுபுறம் சென்று, பிளந்த இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடித்து, மீதியைத் தன்பக்கம் இழுத்து முடிக்கலாம். துணையாள் ஒருவர் மறுபுறம் நின்று இதைச் செய்வதும் உண்டு. ஆனால் துணையாளின் வேலை பலகையைத் தாங்குவது மட்டுமே என்றும், தள்ளுகிறவர் வாய்விட்டுச் சொன்னாலன்றி இழுக்கக்கூடாது என்றும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் இழுத்தால், தள்ளுகிறவரின் கை தான் எண்ணியதைவிட வேகமாக ரம்பத்தை நெருங்கிவிடும்.

பலகையைச் சட்டத்தோடு அணைக்கும் இடதுகை நாடாவுக்கு முன்பாகவே நிற்கவேண்டும். நான்கு விரற்கடைக்குக் குறைவாக அதை நெருங்கக்கூடாது. இரு கைகளில் எதையும் நாடா போகும் கோட்டில் வைப்பதில்லை என்பதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஓர் அடிக்குக் குறைந்த துண்டுகளை இந்த முறையில் பிளக்கவே வேண்டாம். நீளமான பலகையாகப் பிளந்துகொண்டு, பிறகு வேண்டிய நீளத்துக்குக் குறுக்கே அறுத்துக்கொள்ளலாம்.

தள்ளும் வேகத்தைக் காதுதான் சொல்லித் தரும். மோட்டாரின் ஓசை ஒரே சீராக இருந்தால் வேகம் சரி. ஓசை தாழ்ந்து இழுபட்டால் அதிகமாகத் தள்ளுகிறோம் என்று பொருள். அப்படித் தள்ளினால் நாடா மரத்துக்குள் வில்லாக வளைந்து, தகட்டின் நடுப்பகுதி பீப்பாயைப்போல் புடைத்து வரும். மேலும் கீழும் கோடு சரியாக இருப்பதால், பிளந்து பார்க்கும் வரையில் இது தெரிவதில்லை. ஒரு குதிரைத்திறனுக்குக் குறைந்த மோட்டார் ஆறங்குலக் கடினமரத்தில் திணறும். அதைவிட அகலமான பலகைகளைப் பெரிய வாள்பட்டறைக்கே அனுப்பிவிடுவது நல்லது. அங்கே கொடுக்கும் கூலி யந்திரத்தை வருத்துவதைவிட மலிவு.

பாதி அறுப்பில் கோளாறு கண்டால் மரத்தைப் பின்னால் இழுக்கும் எண்ணமே வரும். நாடா ஓடும்போது இழுத்தால் அது சக்கரத்தை விட்டு வெளியே வந்துவிடும். முதலில் யந்திரத்தை அணைத்து, நாடா முற்றிலும் நின்ற பிறகு இழுக்க வேண்டும். சில மரங்களில் உள்ளிறுக்கம் மிகுதி. பிளக்கும்போதே இரு பகுதிகளும் ஒன்றையொன்று நெருக்கி அறுப்பு வாய் மூடிக்கொள்ளும். அப்போதும் யந்திரத்தை நிறுத்தி, வாயில் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டுத் தொடரலாம். இதற்கு மாறாக இரு பகுதிகளும் வெளிப்புறம் விரியும் மரமும் உண்டு. அதற்குத் தடுப்புச் சட்டம் நாடாவைச் சற்றே கடந்ததும் முடிந்துவிடுவது நல்லது. நீண்ட சட்டமாயின் விரியும் பகுதி அதில் முட்டிப் பலகையையே திருப்பிவிடும். ஓடும் நாடாவிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒழுங்கான ஓசை வந்தால் நாடாவில் விரிசல் கண்டிருக்கிறது என்று அறியலாம். உடனே நிறுத்தவும். அறுந்தே போனால் விலகி நின்று அணைத்துவிட்டு, சக்கரங்கள் ஓய்ந்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். மின்வெட்டு ஏற்பட்டால் முதல் வேலையாக ஸ்விட்சை அணைக்க வேண்டும். மின்சாரம் திரும்பும்போது யந்திரம் தானாக ஓடத் தொடங்காத வகை ஸ்விட்சு கிடைக்கிறது. பொது யந்திரத்துக்கு அதையே பொருத்துவது உத்தமம்.

தோளில் துண்டு, தொங்கும் வேஷ்டித் தலைப்பு, முந்தானை, துப்பட்டா, பின்னல், மோதிரம், கையில் கட்டிய கயிறு இவை எதுவும் யந்திரத்தருகில் ஆகாது. கண்ணாடி அணிவது கண்ணுக்குக் காப்பு. மூக்குக்கும் காப்பு வேண்டும் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. அது முக்கியமாக மூக்கின் உட்புறத்தைத் தாக்குகிறது. நாள்தோறும் அறுப்பவர்களுக்கு வெறும் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூளைத் தடுக்கும் முகமூடியும், தூளை உறிஞ்சும் கருவியும் வேண்டும். யந்திரத்தின் சாவியைப் பழகிய ஓரிருவரிடம் மட்டும் வைத்து, மற்றவர்கள் அவர்கள் முன்னிலையில் சில நாட்கள் கழிவுமரத்தில் பழகிய பின்னரே தனியே அறுக்க விடுவதென்று சங்கம் முடிவு செய்வது நல்ல ஏற்பாடு. அண்டை அயலார் மனம் நோகுமே என்று இதில் தாட்சண்யம் காட்டுவதற்கில்லை.

எல்லா மரமும் ஒன்றல்ல. மாமரமும் சில்வர் ஓக்கும் எளிதில் அறுபடும். தேக்கில் மணற்சத்து இருப்பதால் நாடா சீக்கிரம் மழுங்கும். தென்னையும் பனையும் இன்னும் கடுமை. அவற்றின் வயிரப் பகுதிக்குச் சாதாரண எஃகுப் பற்கள் நெடுநேரம் நில்லா. குமரி மாவட்டத்தில் கிடைக்கும் ரப்பர் மரம் அறுக்க நல்லது; விலையும் அதிகமில்லை. ஆனால் அறுத்த உடனே மருந்தேற்றாமல் வைத்தால் பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், பூச்சியும் துளைக்கும். வெங்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசலே அதற்கு வழக்கமான மருந்து.

பிளந்த தகடுகளை அன்றே இழைத்து ஆணியடிக்க அவசரப்பட வேண்டாம். வெளிப்புறம் உலர்ந்து காணும் பலகையின் உள்ளே ஈரம் மிகுந்திருக்கும். பிளந்ததும் அந்த ஈரமுகம் காற்றுப் பட்டு உலர்ந்து சுருங்குவதால், தகடு அறுத்த முகத்தின் பக்கமாகக் குழியும். இதற்காகத்தான் இழைப்புக்கென்று கொஞ்சம் கனம் கூட்டி வைக்கச் சொன்னோம். தகடுகளை நிழலில், ஒரே கனமுள்ள சிறு சட்டங்களை இடையிடையே ஒன்றன்மேல் ஒன்று நேராக வருமாறு வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றிச் சில நாட்கள் விட்டுவிட்டால், வளைய வேண்டியது வளைந்து அடங்கிவிடும். சுவரில் சாய்த்து வைத்தால் அவ்வளவும் வீண்.

வேலை முடிந்ததும் நாடாவின் விறைப்பைத் தளர்த்திவிட வேண்டும். இரவு முழுவதும் விறைப்பிலேயே நின்றால் சக்கரத்தின் ரப்பர் பட்டை ஒரே இடத்தில் அமுங்கி, மறுநாள் நாடா அதிர்ந்து ஓடும். தளர்த்திய யந்திரத்தின்மேல் ஓர் அட்டையைத் தொங்கவிட்டால் அடுத்து வருகிறவர் விறைப்பாக்காமல் ஓட்டிவிட மாட்டார். கீழ்ச் சக்கரத்தின் கூட்டில் தேங்கும் தூளையும் அன்றன்றே அகற்ற வேண்டும். அது மோட்டாரின் சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது. அந்தத் தூளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் அங்கத்தினர்கள் செடியின் அடியில் பச்சையாக மண்ணோடு கலக்க வேண்டாம். மரத்தூள் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் பயிர் வெளுத்துப்போகும். சாணத்தோடு சேர்த்துக் குழியில் நன்றாக மட்கவைத்த பிறகு இடலாம். மருந்தேற்றிய மரத்தின் தூளையோ எந்த நிலையிலும் தோட்டத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் சேர்க்கக்கூடாது.